சுமார் முந்நூறு

சாப்பாட்டு மேசையின் முன் அமர்ந்து ஆய்வாளர் ஒரு சபதம் செய்தார். எதிரே இருந்த ஒரு காலி நாற்காலிதான் அதற்குச் சாட்சி.

"இந்த மாதத்துக்குள் அவளை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைப்பேன். ஆனால், 'வா' என்ற சொல் என் வாயிலிருந்து வராது!"

நாற்காலி மறுப்புச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு இல்லறத்தில் அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுப்பு எழாதது அதுவே முதல் தடவை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மனைவி ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. மகளுக்குப் பிள்ளைப்பேறு. தாயார் போகாமல் யார் போவது? மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டும்போது அந்த அம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்து, "நான் இல்லாம இருந்துடுவீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் எத்தனையோ உண்டு. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, "முப்பது வருஷத்துல இப்பத்தான் நிம்மதியா இருக்கப்போறேன்" என்றார் ஆய்வாளர். நாக்கு செய்கிற வினையை முழு உடம்பும் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அவருடைய உத்தியோகம் எடை அளவுத் துறையில். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பார்; பிசகினால் பறிமுதல் செய்வார். கடைத்தெருவில் அவருக்கு 'கிராம் சார்' என்று பெயர். மணி என்ன என்று கேட்டால், "ஏழு பதினாலு" என்பார். மகள் பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் நின்ற உறவினர்களிடம் முதலில் சொன்னது, "ரெண்டு கிலோ தொள்ளாயிரத்தி நாப்பது கிராம்." ஆணா பெண்ணா என்று அவர்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 'கொஞ்சம்', 'ஏறக்குறைய', 'சுமார்' என்ற சொற்களை அவர் தம் வாழ்நாளில் தீண்டியதில்லை. நெறி தவறாத அடியார் புலாலைத் தீண்டாததுபோல.

அப்படிப்பட்டவருக்கு இப்போது வீட்டில் அளப்பதற்கு எஞ்சியிருந்தது தனிமை ஒன்றுதான். அதையும் அளந்தார். குளியலறைக் குழாய் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு விட்டது. மனைவியின் சீப்பு இருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தூசு படியாமல் இருந்த தடம், எட்டாம் நாளில் மறைந்து போயிற்று. நாள்தோறும் அவளிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்பு ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? குழந்தை அழுது, வச்சுடறேன்." அதோடு முடிந்தது. கிளியையும் மேகத்தையும் தூதுவிட்டுக் கரைந்த பழைய காலத்து அன்பர்களுக்காவது, பதில் வருகிற வரை புலம்பிக்கொண்டிருக்க அவகாசம் இருந்தது.

சபதம் செய்தாயிற்று, ஆயுதம் வேண்டுமே? அது அவர் இரத்தத்திலேயே இருந்தது. சர்க்கரை! மனைவி ஊருக்குப் போகும் முன் செய்த சோதனையில் இருநூற்றுப் பதினான்கு காட்டியிருந்தது. "வீட்டுச் சாப்பாடு, நிறையக் காய்கறி. ரெண்டு மாசத்துல குறையலைன்னா ஊசிதான்" என்று மருத்துவர் அம்மாள் எச்சரித்திருந்தார். மனைவி அழாத குறையாகத்தான் பெட்டியைத் தூக்கினாள். ஆகவே, தாம் என்ன சாப்பிடுகிறார் என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். அடுத்த ரயிலில் வந்து இறங்கிவிடுவாள் என்பது ஆய்வாளரின் கணிப்பு.

அன்று மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

பன்னிரண்டு நாளில் அவள் கேட்காத கேள்வி. ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கீழ்க்கடைப் பலகாரம். எண்ணெயில பொரிச்சது. முந்நூத்தி இருபது கிராம்."

"காலைல?"

"அதே கடை. சர்க்கரைப் பாகுல ஊறினது. நூத்தி எண்பது."

"மத்தியானம்?"

"காலைல மிஞ்சினது."

இனி, "ஐயோ, இதோ கிளம்பி வர்றேன்" என்று அலறல் வரும். அதற்கு, "வேண்டாம், உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று ஒரே ஒரு முறை, பலவீனமான குரலில் சொல்வதற்கும் அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

அலறல் வரவில்லை. அறைக்கதவைச் சாத்தும் ஓசைதான் கேட்டது. பிறகு, "என்னங்க, சமையலறைக்குப் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"போங்கன்னா போங்க. போனை உப்பு ஜாடி மேல சாய்ச்சு வைங்க. ஸ்பீக்கரைப் போடுங்க."

அவர் போனார். போகாமல் இருக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை.

"பருப்பு ஒரு கைப்பிடி எடுங்க."

"யார் கை?"

"உங்க கைதான். பக்கத்து வீட்டுக்காரர் கையையா இரவல் வாங்கப்போறீங்க?"

"என் கைப்பிடி எத்தனை கிராம்னு எனக்குத் தெரியாதே."

"ஐம்பத்தெட்டு வயசாச்சு. இது தெரியாம எப்படி இத்தனை நாள் வேலையில வச்சிருக்காங்க?"

ஆய்வாளர் அலுவலகப் பையிலிருந்து சிறிய மின்தராசை எடுத்து வந்து வைத்தார். அறுபத்து நான்கு கிராம். அதைக் கழுவிக் குக்கரில் போட்டார். குளிர்பெட்டியின் அடித்தட்டில் பன்னிரண்டு நாளாகத் தவமிருந்து மூப்பெய்திய ஒரு கேரட்டும், வாடிய அவரைக்காய் ஒன்பதும், ஒரு தக்காளியும், ஒரு வெள்ளரிக்காயும் அகப்பட்டன. வெள்ளரிக்காயை விட்டு மற்றவற்றை நறுக்கிப் பருப்போடு சேர்த்து, மேல்தட்டில் அரிசி வைக்கச் சொன்னாள். எண்ணெயைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் எடுத்து ஊற்றச் சொன்னாள்.

"உப்பு எவ்வளவு?"

"வேணும்கற அளவு."

"யாருக்கு வேணும்கற அளவு? இப்படி ஒரு கடைக்காரன் சொல்லியிருந்தா தராசைப் பறிமுதல் பண்ணியிருப்பேன்."

"முப்பது வருஷமா அந்த அளவுலதான் சாப்பிட்டீங்க. ஒரு நாளும் பறிமுதல் பண்ணலையே. ஒழுங்கா ஏப்பம்தானே விட்டீங்க?"

உப்பு ஜாடியின் மேலிருந்து எழுந்த அந்த அசரீரிக்குக் கட்டுப்பட்டு, ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். பதினேழு நிமிஷத்தில் சமையல் முடிந்தது. தட்டில் பாதிக்குக் காயும் பருப்பும், கால் பங்கு சோறு, ஓரத்தில் வெட்டிய வெள்ளரிக்காய். அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"நல்லா இருக்கா?"

"பரவாயில்ல."

"சரி, குழந்தை அழுது. வச்சுடறேன்."

குரல் நின்றது. குளியலறையில் குழாய் சொட்டும் ஓசை மறுபடி கேட்டது. ஆய்வாளர் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அழைப்பு நேரம்: இருபத்தாறு நிமிஷம் நாற்பது வினாடி. பன்னிரண்டு நாளும் அவள் பேசியதை மொத்தமாகக் கூட்டினாலும் இருபத்திரண்டு நிமிஷம்தான்! கையில் எச்சில் காய்வதுகூடத் தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பு எரிகிற வரையில் அவள் இருக்கிறாள். அடுப்பு அணைந்தால் போய்விடுகிறாள். அந்த இரகசியம் அவருக்கு விளங்கிவிட்டது.

அன்று முதல் மாலை ஏழு மணி என்பது அவருக்குத் திருக்கோயிலில் நடை திறக்கும் நேரம் போலாயிற்று. ஆறரைக்கே கைகால் கழுவி, உப்பு ஜாடியைத் துடைத்து, தொலைபேசியைச் சாய்த்து வைத்துக் காத்திருப்பார்.

மனைவி உபதேசம் செய்தாள். பயறை முதல் நாள் ஊறவைத்துத் துணியில் கட்டி வைத்தால் மறுநாள் அடுப்பே வேண்டாம். எலுமிச்சையைப் பிழிந்தால் உப்பைக் குறைக்கலாம். கீரையைக் கடைசியாகப் போட்டு இரண்டு நிமிஷத்தில் இறக்கலாம். பசித்தால் பலகாரத்துக்கு ஓடாமல் ஒரு பழம், எட்டுப் பாதாம் பருப்பு. எல்லாம் பதினைந்து நிமிஷச் சமையல். அதுதான் ஆய்வாளருக்கு இடித்தது. பதினைந்து நிமிஷம் யாருக்குப் போதும்?

ஆகவே இழுத்தார். அவரைக்காயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக, அடிக்கோல் வைத்து நறுக்கினார். கீரையை இலை இலையாகக் கழுவினார். இடையிடையே அவள் மகளின் வீட்டுக் கதைகளைச் சொன்னாள். பேரனுக்கு விக்கல் வந்தது, மகள் தூக்கத்தில் சிரித்தது, மாப்பிள்ளை தொட்டில் கட்டத் தெரியாமல் திண்டாடியது. அவர் 'ம்' கொட்டிக்கொண்டே நறுக்குவார்.

"என்னங்க, இன்னுமா வேகல?"

"வேகுது, வேகுது."

"ஞாயித்துக்கிழமை ஒரு வாரக் காயையும் நறுக்கி டப்பாவுல போட்டு வச்சுடுங்க. தினமும் முக்கால் மணி நேரம் மிச்சமாகும்."

"மிச்சம் பண்ணி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மிச்சமாகும் முக்கால் மணி நேரத்தை அந்த வீட்டில் எங்கே வைப்பது? "காய் வாடிடும்" என்று சமாளித்தார்.

சில நாட்களில் எவ்வளவு இழுத்தாலும் சமையல் முடிந்துவிடும். அப்போது ஒன்று செய்வார். அடுப்பை அணைத்துவிட்டு, வேறொரு வெறும் பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார். டங், டங் என்ற அந்த ஓசை கேட்கும் வரையில் அவள் பேசிக்கொண்டிருப்பாள். கண்ணை மூடிக் கிண்டினால், அவள் பின்னால் நின்று பாத்திரங்களை அடுக்குவது போலவே இருக்கும். கை ஓய்ந்து கரண்டியை நிறுத்தினால், "குழந்தை அழுது" என்ற சொல் வரும். ஆறிய சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு காலி நாற்காலிக்கு எதிரே வந்து அமர்வார்.

கீழ்க்கடைக்காரர் ஒரு நாள் அவரைப் படிக்கட்டில் மறித்தார்.

"என்ன சார், ஆறு வாரமா ஆளையே காணோம். என் தராசுல எதாவது கோளாறா? இருந்தா நேரா சொல்லிடுங்க."

"தராசு சரியாத்தான் இருக்கு."

"அப்ப பலகாரத்துலயா?"

"அதுலயும் இல்ல. வீட்ல சமைக்கிறேன்."

"நீங்களா? தனியாவா?"

"தனியா இல்ல" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டார். அம்மாள் ஊரில் இல்லை என்பதை அறிந்த கடைக்காரர், வாயைப் பிளந்தபடி கீழே நின்றார்.

சபதத்தின் கெடு கடந்துபோய், இரண்டு மாதம் முடிந்தது. இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு துளைகள் போட வேண்டியிருந்தது. மருத்துவர் அம்மாள் சோதனைத் தாளைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"நூத்தி எட்டு! அபாரம் சார்."

ஆய்வாளரின் முகம் வாடிற்று. "தப்பா இருக்கலாமே, டாக்டர். அந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தாங்க? முத்திரை இருக்கா?"

"சந்தோஷப்பட வேண்டியதுக்கு ஏன் சார் சண்டைக்கு வர்றீங்க? ஊசி வேண்டாம். இனிமேலும் இப்படியே வீட்ல சாப்பிடுங்க. நீங்க யார் துணையும் இல்லாம நூறு வருஷம் இருப்பீங்க!"

அவர் வாழ்த்தித்தான் சொன்னார். சாபம் பெற்றவர் போல ஆய்வாளர் வீட்டுக்கு நடந்தார். அவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. உடம்பைச் சாக்காக வைத்து அவளை வரவழைக்கப் போட்ட திட்டம் அது. அவளோ அந்தச் சாக்கையே பதினைந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாக வேகவைத்துத் தின்னக் கொடுத்துவிட்டாள். முந்தின நாள்தான் மகளும் தொலைபேசியில் கேட்டிருந்தாள்: "அப்பா, நான் வேலைக்குத் திரும்பணும். அம்மா இன்னும் ரெண்டு மாசம் சேர்ந்தாப்பல இருக்கட்டுமா? உங்களுக்கு உடம்பு நல்லா இருந்தா மட்டும்."

உடம்பு நல்லா இருந்தா மட்டும்! ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்தார். பொய் சொல்வது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. வாயால் எந்தப் பொய்யும் சொல்லலாம். எண்ணால் சொல்ல அவருக்கு வராது. இருநூற்று எழுபத்து மூன்று என்று துல்லியமாக ஒரு பொய்யை உரைப்பது, பொய்த் தராசுக்கு முத்திரை குத்துவதற்குச் சமம் என்று அவர் மனச்சாட்சி எதிர்த்து நின்றது. மனச்சாட்சியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி, ஏழு மணிக்கு.

"ஏறிப்போச்சு."

"எவ்வளவு?"

"சுமார்... முந்நூறு."

மறுமுனையில் தொட்டில் ஆடும் ஓசை நின்றது.

"சுமாரா?"

"ஆமா. ஏறக்குறைய முந்நூறு."

தொட்டில் மறுபடி ஆடத் தொடங்கியது. பிறகு அவள் குரல் மிகவும் இளகி வந்தது. "இவ்வளவு பண்ணியும் ஏறிப்போச்சா? இனிமே உங்களைத் தனியா விட்டு வைக்கிறது சரியில்லீங்க. நான் ஏற்பாடு பண்றேன். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு எங்கயும் போகாம வீட்ல இருங்க. ரெண்டு பேருக்குச் சமைச்சு வைங்க."

"வேண்டாம், உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றார் ஆய்வாளர், ஒத்திகை பார்த்த அதே பலவீனமான குரலில். இரண்டு மாதம் காத்திருந்த வசனம். அவருக்கே கண் கலங்கிற்று.

அடுத்த மூன்று நாளும் அவர் கால் தரையில் பாவவில்லை. குழாயைப் பழுது பார்த்தார். தலையணை உறைகளை மாற்றினார். அலமாரியில் சீப்புக்கு ஒரு சாண் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்தார். ஞாயிறு காலை, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்பின் முன் நின்றார். பருப்பு நூற்று இருபத்தெட்டு கிராம். வாழ்க்கையில் அவர் செய்த கணக்குகளிலேயே இனியது, அறுபத்து நான்கை இரண்டால் பெருக்கிய அந்தக் கணக்குத்தான். அன்று இழுக்கவில்லை, பதினான்கே நிமிஷத்தில் முடித்தார். மேசையில் இரண்டு தட்டுகளை வைத்து, எதிர் நாற்காலியைத் துண்டால் தட்டிச் சரிசெய்தார்.

பத்து மணி நான்கு நிமிஷத்துக்கு அழைப்பு மணி அடித்தது. "வேண்டாம்னு சொன்னேனே, ஏன் வந்தே?" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே கதவைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, வந்துட்டேன்! மாப்பிள்ளை, வந்துட்டேன்! மாப்பிள்ளை, வந்துட்டேன்!"

வாசலில் ஒரு பெரிய பெட்டியோடு நின்றவர் மனைவியின் அண்ணன். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் மூன்று முறை சொல்லாவிட்டால் பயணிகள் வண்டியைத் தவறவிடுவார்கள் என்ற கவலை அவரை விட்டு இன்னும் நீங்கவில்லை. மனைவியை இழந்து மூன்றாண்டு ஆயிற்று.

"வாங்க, மச்சான்" என்றார் ஆய்வாளர். மச்சானின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. மச்சான் உள்ளே வந்தபின் மறுபடியும் எட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை.

தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"அண்ணன் வந்துட்டாரா?"

"வந்துட்டார். நீ?"

"நான் எதுக்கு? சுமார் முந்நூறுன்னு சொன்னீங்களே, அந்தச் சர்க்கரை உங்களோடது இல்ல, எங்க அண்ணனோடது. சரியா முந்நூத்திப் பன்னிரண்டு. வாசல்ல வந்து நிக்கும்போதே ஆள் எப்படி இளைச்சிருக்கார்னு பாத்திருப்பீங்களே."

ஆய்வாளர் உப்பு ஜாடியைப் பற்றிக்கொண்டார். "உனக்கு எப்படி...?"

"ஏங்க, பெத்த பொண்ணையே கிராம் கணக்குல சொன்ன மனுஷன் நீங்க. உங்க வாயில 'சுமார்' வந்தா, அது பொய்யில்லாம வேற என்ன? டாக்டர்கிட்ட நான் கேட்கக்கூட இல்ல."

அவர் ஜாடியின் மூடியை இறுக்கி மூடினார்.

"அண்ணி போனதிலிருந்து அவர் கடைச் சோறுதாங்க சாப்பிடறார். பக்கத்துல ஒரு குரல் இல்லாம மூணு வருஷம். நீங்க சமைச்சுப் போடுங்க. ரெண்டு மாசம். பொண்ணு வேலைக்குப் போகட்டும். உங்களுக்கும் துணையாச்சு."

"எனக்குத் துணை வேணும்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. வெறும் பாத்திரத்தைக் கிண்டினீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "முப்பது வருஷம் கரண்டி பிடிச்சவளுக்கு, உள்ள ஒண்ணுமில்லாத சத்தம் தெரியாதா? குழந்தை தூங்கிடும். ஆனாலும் நீங்க நிறுத்தற வரைக்கும் நானும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆய்வாளரின் கண்ணெதிரே சுவர் மங்கிற்று.

"இப்பவும் ஒண்ணும் ஆகிடல. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே கிளம்பி வர்றேன்."

அந்த ஒரு சொல் அவர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சொல்வதற்கு முன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். சபதத்துக்குச் சாட்சியாய் இருந்த அந்த நாற்காலியில் மச்சான் அமர்ந்திருந்தார். பருப்புப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, குனிந்து, வருகிற ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று முறை பேசுகிற மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்.

"குழந்தை அழுது பாரு. போய்ப் பாரு" என்றார் ஆய்வாளர்.

"அழலையே. தூங்குது."

"அப்ப எழுந்ததும் பாரு." சற்று நிறுத்தி, "ஏழு மணிக்குக் கூப்பிடுவ இல்ல?" என்றார். 'வா' என்ற சொல்லுக்கு மிக அருகில் அவரால் போக முடிந்த தூரம் அவ்வளவுதான்.

"கூப்பிடுவேன். ஆனா இனிமே பாத்திரத்துல எதையாவது போட்டுக் கிண்டுங்க."

குரல் நின்றது. குழாய் சொட்டவில்லை, அதைத்தான் அவர் சரிசெய்துவிட்டாரே. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஜாடியையும் மின்தராசையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"மச்சான், உங்களுக்கு உப்பு எத்தனை கிராம்?"

"வேணும்கற அளவு போடுங்க, மாப்பிள்ளை," என்றார் மச்சான், மூன்று முறை.